படித்து முடித்த டொக்டருக்கு மறுபடி எப்படிப் படிப்பிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு டிஸ்பென்சரி வைத்திருக்கிறேன். அதோடு சில வருடங்களாக, என்னைப் போன்ற குடும்ப வைத்தியர்களுக்கும் அரச வைத்தியசாலைகளில் வேலை செய்யும் எம்.ஓ.மாருக்கும் (மெடிக்கல் ஒஃபிசர்மார்) மாதம் ஒரு தொடர்கல்வி வகுப்பு ஒழுங்குசெய்கிற வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. இப்போது கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் நண்பர்கள் இதேபோல் தொடங்கப் போகிறார்கள், ஆளாளுக்குக் கோல் எடுத்து அநேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவிட்டேன்.

நாங்கள் எல்லோரும் விரிவுரை கேட்டுத்தானே டொக்டர் ஆனோம்? இப்போது மட்டும் அது ஏன் போதாது?

விரிவுரை கேட்டுச் சோதனை பாஸ் பண்ணினோம். டொக்டர் ஆனது வாட்டில். இன்டேர்ன் காலத்தில் இரவு இரண்டு மணிக்குத் தனியாக நிற்கும்போது தாதி மிஸ்ஸி வந்து "டொக்டர், இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்க, கை நடுங்க எடுத்த அந்த முதல் முடிவு இன்றைக்கும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தின வருடம் கேட்ட விரிவுரைகளில் ஒன்றின் தலைப்பாவது ஞாபகம் இருக்கிறதா பாருங்கள்.

இது என் அபிப்பிராயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1999 இல் டேவ் டேவிஸும் கூட வேலை செய்தவர்களும் இப்படியான வகுப்புகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா சஞ்சிகையில் எழுதினார்கள். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிற வகுப்புகள் வைத்தியர்களின் நடைமுறையை மாற்றியதாக அவர்களுக்குத் தெரியவில்லை, வந்தவர்கள் வாயைத் திறந்து கதைத்து, கையால் செய்து பார்த்த வகுப்புகள் மாற்றியிருந்தன.

என்னுடைய முதல் வகுப்பைச் சொல்கிறேன். ஹோட்டல் மண்டபம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, உயர் இரத்த அழுத்தம் பற்றி 84 ஸ்லைட். பேச்சாளர் நல்ல மனிதர், நல்ல கெட்டிக்காரர், பிழை முழுக்க என்னுடையது. இரண்டு கிழமை கழித்து என் பட்ச்காரன் ஒருவனிடம் "அந்த வகுப்புக்குப் பிறகு ஏதாவது மாத்தினியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மச்சான், அந்த வட்டிலப்பம் நல்லா இருந்தது" என்றான்.

புதிய வழிகாட்டி வந்திருக்கிறது, ஒரு மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்ற மாதிரிச் செய்தி சொல்ல விரிவுரை நல்லதுதான். அதற்குப் பதினைந்து நிமிடம் காணும்.

வளர்ந்தோர் கல்வி என்கிறார்களே, அது என்ன?

சொல் பழையது. 1833 இல் அலெக்சாண்டர் காப் என்ற ஜேர்மன் ஆசிரியர் 'அன்ட்ரகோஜி' என்று எழுதினார், அதைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் மல்கம் நோல்ஸ் (1913–1997). அவர் சொன்னதை டொக்டர் பாஷையில் சொன்னால் இப்படி வரும்: வளர்ந்த மனிதருக்கு முதலில் 'இது எனக்கு எதற்கு' என்று தெரிய வேண்டும், தெரியாவிட்டால் போனை எடுத்துவிடுவார். தன் படிப்பைத் தானே நடத்த விரும்புவார், சின்னப் பிள்ளை மாதிரி நடத்தினால் உள்ளுக்குள் கோபப்படுவார், வெளியில் சிரிப்பார். வெறும் சட்டியாக வரமாட்டார், இருபது வருட நோயாளிகளைத் தலைக்குள் வைத்துக்கொண்டு வருவார். பாடப் பொருளாகச் சொன்னால் ஏறாது, நாளைக் காலை டிஸ்பென்சரியில் தீர்க்க வேண்டிய பிரச்சினையாகச் சொன்னால் ஏறும். சான்றிதழுக்கு மசிவதை விட, தன் தொழிலில் தனக்குள்ள மதிப்புக்குத்தான் கூடுதலாக மசிவார்.

கேட்கும்போது பொது அறிவு மாதிரித்தான் இருக்கும். ஆனால் நாங்கள் நடத்துகிற வகுப்புகளில் பெரும்பாலானவை இதில் ஒன்றைக்கூடக் கணக்கெடுப்பதில்லை.

அப்படியென்றால் என்ன தலைப்பு வேண்டும் என்று டொக்டர்மாரிடமே கேட்டுவிட்டால் சரிதானே?

கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நோல்ஸை வாசித்துவிட்டு எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான், நானும் சறுக்கினேன். வளர்ந்தவர்களுக்குத் தங்களுக்கு என்ன விருப்பம் என்று தெரியும். தங்களுக்கு என்ன தெரியாது என்பது அப்படி இலகுவாகத் தெரியாது, டொக்டர்மாருக்கு இன்னும் தெரியாது.

இதையும் 2006 இல் டேவிஸ் குழுவே பார்த்தது. வைத்தியர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டதையும் வெளியில் இருந்து அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 20 ஒப்பீடுகளில் 13 இல் இரண்டுக்கும் இடையில் தொடர்பு சொற்பம், அல்லது இல்லை, அல்லது தலைகீழ். ஆகக் குறைந்த திறமையும் ஆகக் கூடிய நம்பிக்கையும் உள்ளவர்கள்தான் தங்களைப் பற்றி ஆகப் பிழையாக மதிப்பிட்டிருந்தார்கள். (இதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் வேறு யாரையோ நினைத்துக்கொண்டுதான் ஆட்டினார்கள் என்பது என் சந்தேகம்.)

எங்கள் குழுவில் கடதாசி கொடுத்துக் கேட்டபோது நீரிழிவுக்குப் புதிதாக வந்த மருந்துகள், ஈ.சி.ஜி., தோல் நோய்கள் என்று வந்தன. மலேரியா என்று ஒருவர்கூட எழுதவில்லை. ஏன் எழுதப் போகிறார்கள்? 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்துவிட்டது, எங்களில் இளையவர்கள் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் கண்டதில்லை. ஆனால் நோயைக் காவுகிற நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது, ஆபிரிக்காவுக்கு இரத்தினக்கல் வியாபாரத்துக்குப் போய் வருகிறவர்கள் காய்ச்சலோடு முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்ற ஒருவரின் டிஸ்பென்சரியில்தான். "கடைசியாக எந்த நாட்டுக்குப் போனீர்கள்?" என்ற ஒரு கேள்வியை நாங்கள் கேட்காமல் விட்டால் நோயும் பிடிபடாது. இது யாரும் விரும்பிக் கேட்கிற தலைப்பாக இராது, ஆனால் தேவை.

நான் இப்போது செய்வது: இரண்டு வகுப்பு அவர்கள் கேட்டது, ஒரு வகுப்பு அவர்கள் கேட்காதது.

அவர்கள் கேட்காததை எங்கிருந்து கண்டுபிடிப்பது?

அவர்கள் எழுதிக் கொடுத்த மருந்தில் இருந்து. பெரிய வைத்தியசாலை என்றால் பதிவேடு இருக்கும். எங்கள் டிஸ்பென்சரிகளில் நிலைமை உங்களுக்குத் தெரியும், பார்க்கிறோம், மருந்தை நாங்களே சின்னக் கவரில் போட்டுக் கொடுக்கிறோம், காசு வாங்குகிறோம், நோயாளி போனதும் எங்களிடம் ஒரு எழுத்தும் மிஞ்சாது. அதனால் ஒரு கொப்பி வேலை வைத்திருக்கிறோம். வகுப்புக்கு முந்தின கிழமையில் ஒரு பிரச்சினையை எடுத்து, அதோடு வருகிற அடுத்த 20 பேருக்கு என்ன செய்தோம் என்று வரிசையாகக் கோடு போடுவது. பெயர் வேண்டாம், வயதும் செய்ததும் மட்டும். தெரிந்தெடுத்து எழுதக் கூடாது, வருகிற ஒழுங்கில்.

முதல் தடவை எடுத்தது தொண்டை நோ. பெரும்பாலும் வைரஸ், அன்டிபயோட்டிக் தேவைப்படுவது சிலருக்குத்தான், இதை எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் பத்துக்கு மூன்று பேருக்குத்தான் கொடுக்கிறேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். கொப்பியில் 20 க்கு 13 வந்தது. இரண்டு தடவை எண்ணினேன். அதுவும் பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவரையும் விடவில்லை, ஆட்கள் வாசல் வரை நிற்கும்போது விளங்கப்படுத்துவதை விடக் கவரில் போட்டுக் கொடுப்பது கெதி. எத்தனை விரிவுரை கேட்டிருந்தாலும் இதை எனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

இந்த முறைக்கும் ஆய்வு இருக்கிறது. வைத்தியரின் நடைமுறையை அளந்து அவருக்கே திருப்பிக் காட்டுவதைப் பற்றி 2012 இல் கொக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற அமைப்பினுடையது) 140 பரிசோதனைகளைப் பார்த்தது, சரியான நடைமுறையைப் பின்பற்றுவதில் மீடியன் முன்னேற்றம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 4.3 சதவீதப் புள்ளி. பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் ஆரம்பத்தில் பின்தங்கி இருந்தவர்களிடம் கூடுதலாக வேலை செய்தது, எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

முப்பது வருட அனுபவம் உள்ளவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

கவனமாகச் சொல்கிறேன், அடி வாங்க விருப்பமில்லை. 2005 இல் சௌத்ரியும் சக ஆய்வாளர்களும் வைத்தியரின் அனுபவ வருடங்களையும் கவனிப்பின் தரத்தையும் ஒப்பிட்ட 62 மதிப்பீடுகளைத் தொகுத்தார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில், வருடம் கூடக் கூட அளந்த எல்லா விடயத்திலும் தரம் குறைந்திருந்தது. பழைய ஆட்களுக்கு மூளை மழுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒருகாலத்தில் சரியாக இருந்தது கையில் பழகிவிட்டது, பழகினதைக் கைவிடுவது புதிதாகப் படிப்பதை விடக் கஷ்டம்.

அதே மனிதர், கதவைத் திறந்து உள்ளே வருகிற நடையிலேயே 'இவருக்கு ஏதோ சரியில்லை' என்று பிடித்துவிடுவார். அதை எந்த ஸ்லைட்டாலும் கொடுக்க முடியாது. அதனால் நாங்கள் மூத்தவர்களிடம் விரிவுரை கேட்பதில்லை, தாங்கள் பிழைவிட்ட ஒரு நோயாளியின் கதையைக் கொண்டுவரச் சொல்கிறோம். முதல் ஆள் சொல்லத் தயங்குவார். ஒரு மூத்தவர் மனம் திறந்து ஒன்றைச் சொன்னாரென்றால், பிறகு நிறுத்துவதுதான் கஷ்டம்.

இன்னொன்று. எங்கள் ஆட்களிடம் 'சேர்' கலாசாரம் இருக்கிறது. கன்சல்டன்ட் (விசேட வைத்திய நிபுணர்) வாயைத் திறந்தால் அதோடு கலந்துரையாடல் முடிந்தது, "சேர் சொன்னது சரி" என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். இதற்கு ஒரு சின்ன ஒழுங்கு கண்டுபிடித்தோம்: கேள்வியைப் போட்டதும் எல்லோரும் துண்டுக் கடதாசியில் தங்கள் முடிவை எழுத வேண்டும், பிறகு ஆக இளையவரில் இருந்து மேலே வாசித்துக்கொண்டு போக வேண்டும். சேர் கடைசி. முதல் தடவை ஒரு சேருக்கு முகம் மாறியது, அடுத்த தடவை அவரே "நான் கடைசிதானே?" என்று சிரித்துக்கொண்டு பேனையை எடுத்தார்.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும் என்று உதாரணம் சொல்ல முடியுமா?

டெங்கு. 2017 இல் 186,000 நோயாளிகளுக்கு மேல் பதிவான நாடு இது, எங்களுக்கு டெங்கு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அதையே எடுத்தேன்.

ஆரம்பத்தில் நோயாளி ஒருவரை மட்டும் கொடுத்தோம். 34 வயது, காய்ச்சல் நான்காம் நாள், இன்று காலையில் இருந்து காய்ச்சல் இல்லை, பிளேட்லெட் 112,000, இரண்டு தடவை சத்தி எடுத்திருக்கிறார், நாளைக்கு வேலையில் முக்கியமான கூட்டம், "டொக்டர், இப்ப சுகம்தானே" என்கிறார். என்ன செய்வீர்கள், எழுதுங்கள். அவ்வளவுதான்.

27 பேரில் ஒன்பது பேர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகுதான் சண்டை. பிளேட்லெட் இன்னும் 100,000 க்குக் கீழே போகவில்லையே என்று ஒரு பக்கம், காய்ச்சல் விடுகிற நேரத்தில்தானே இரத்தக் குழாயில் இருந்து கசிவு தொடங்கும், சத்தி வேறு எடுக்கிறாரே, இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டுகிற பீ.சி.வி. எவ்வளவு என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று மறுபக்கம். நான் வாயைத் திறக்கவில்லை, திறக்காமல் இருப்பதுதான் ஆகக் கஷ்டமான வேலை. அரை மணித்தியாலம் அவர்கள் அடிபட்ட பிறகு, தொற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்கிற டொக்டர் எழும்பி, ஐந்தே ஐந்து ஸ்லைட்டில் வழிகாட்டி என்ன சொல்கிறது என்று காட்டினார். பசி வந்த பிறகு சாப்பாடு போட்ட மாதிரி, ஒருவரும் போனைத் தொடவில்லை.

கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் அந்த நோயாளி, மற்றவர் டொக்டர். வைத்தியசாலைக்குப் போகச் சம்மதிக்க வைக்க வேண்டும். போகும்போது ஒவ்வொருவரும் "நாளையில் இருந்து இந்த ஒன்றை மாற்றுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்துத் தர வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்த வரியைப் படம் எடுத்து அவருக்கே அனுப்புவேன். இந்தக் கடைசி வேலை கொஞ்சம் குரூரம், ஆனால் வேலை செய்கிறது.

ஆங்கிலத்திலா, தமிழிலா?

விடயம் ஆங்கிலத்தில் ஓடட்டும், நாங்கள் படித்தது அதில்தான், வாட்டில் எழுதுவதும் அதில்தான். ஆனால் நோயாளியோடு கதைக்கிற பகுதியை நோயாளியின் மொழியிலேயே செய்ய வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். மேலே சொன்ன நடிப்பில் இதைத்தான் கண்டோம்: 'பிளாஸ்மா லீக்' என்று சரளமாகச் சொன்னவர்கள் அதைத் தமிழில் சொல்லப் போய் நாக்குத் தட்டினார்கள். கடைசியில் ஒரு இளம் டொக்டர் "காய்ச்சல் விட்டதும் இரத்தக் குழாயில இருந்து தண்ணி கசியத் தொடங்கும், வெளியில பாக்கத் தெரியாது, அதுதான் பயம்" என்றார். எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள். நானும்தான்.

ஒரு தடவை நடத்தினால் ஞாபகம் நிற்குமா?

நிற்காது. ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885 இலேயே தன்னைத்தானே சோதித்து, படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே போய்விடுகிறது என்று காட்டிவிட்டார். திரும்ப வாசிப்பதை விட, நினைவில் இருந்து இழுத்து எடுப்பதுதான் நிற்க வைக்கிறது. 2006 இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களிடம் செய்து பார்த்தபோது, ஐந்து நிமிடத்தில் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள், ஒரு கிழமை கழித்துக் கேட்டால் வாசிக்காமல் நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் முந்தினார்கள். எங்கள் வட்ஸ்அப் குழுவில் வகுப்புக்குப் பிறகு மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் ஒவ்வொரு கேள்வி வரும். ஒரு நோயாளி, நான்கு தெரிவு, விடை இரவு ஒன்பது மணிக்கு. காலை வணக்கப் படங்களுக்கு இந்தக் குழுவில் தடை, அதற்கு வேறு குழு இருக்கிறது.

சூம்?

தூரத்தில் இருப்பவர்களுக்கு வசதி. செய்தி சொல்லக் காணும். கமராவை நிறுத்திவிட்டுக் காரோட்டிக்கொண்டு காலி வீதியில் கேட்கிறவருக்கு என்ன ஏறும் என்று எனக்குத் தெரியாது, ஏறாமல் இருப்பதே பாதுகாப்பு.

எந்த நேரம் வைப்பது?

பின்னேரம் ஐந்தில் இருந்து ஒன்பது வரை டிஸ்பென்சரி, அரச வேலை என்றால் நான்குக்குப் பிறகு தனியார். கிழமை நாளை மறந்துவிடுங்கள். ஞாயிறு காலை ஒன்பதில் இருந்து பதினொன்றரை, அல்லது போயா தினம். சாப்பாட்டுக்கு முதல் முடியுங்கள், வட்டிலப்பப் பாடம் ஒன்று போதும். தேத்தண்ணி, றோல்ஸ் காணும்.

மருந்துக் கம்பனி செலவைப் பொறுப்பெடுக்கிறோம் என்கிறார்களே?

எங்களுக்கும் வந்தது, வேண்டாம் என்றோம். தலைப்பை அவர்கள் தெரிவு செய்யமாட்டார்கள் என்று சொல்வார்கள், பிறகு "சேர், இந்த மொலிக்கியூலைப் பற்றி ஒரு ஸ்லைட் மட்டும்" என்று வரும். அன்டிபயோட்டிக்கைக் குறைப்பது எப்படி என்ற வகுப்புக்குப் பணம் தர எந்தக் கம்பனி ஓடிவரும்? ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடத்துகிறோம். காசு போட்டவன் நேரத்துக்கும் வருகிறான்.

தொடர்கல்விப் புள்ளிக்காக மட்டும் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். கையெழுத்துத் தாளைக் கடைசியில் கொடுங்கள், அவ்வளவுதான்.

படித்தார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்?

ஜோர்ஜ் மில்லர் 1990 இல் ஒரு பிரமிட் வரைந்தார். அடியில் தெரியும், அதற்கு மேல் எப்படி என்று தெரியும், அதற்கு மேல் செய்து காட்டுவார், உச்சியில் உண்மையில் செய்கிறார். வகுப்பு முடிவில் கொடுக்கிற எம்.சி.கியூ. (விடையைத் தெரிவு செய்கிற கேள்வித்தாள்) அடித்தட்டை மட்டும்தான் தொடும்.

அனஃபிலக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை) வகுப்பில் இதைக் கண்ணால் பார்த்தோம். பெரியவருக்கு அட்ரினலின் எவ்வளவு என்று கேட்டால் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கம், தசைக்குள் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சரி, இந்தாருங்கள் ஊசி, குப்பி, தொடைக்குப் பதில் தோடம்பழம், ஒரு நிமிடம் என்று மணிக்கூட்டை அமத்தினோம். பாதிப் பேர் நேரத்துக்கு முடிக்கவில்லை, ஒருவர் குப்பியை உடைக்கும்போது விரலை வெட்டிக்கொண்டார். பிறகு வீட்டுப் பாடம்: உங்கள் டிஸ்பென்சரியில் அட்ரினலின் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்புங்கள். என்னுடையது பனடோல் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. காலாவதியாகி எட்டு மாதம்.

வகுப்பில் சொல்கிற தவறுகள் வெளியே போகாதா?

போனால் அடுத்த வகுப்பு இல்லை. நோயாளியின் பெயர், ஊர், வேலை எதுவும் சொல்லக் கூடாது, வெள்ளவத்தை சின்ன இடம், 'ஹம்டன் லேனில் கடை வைத்திருக்கிற ஒருவர்' என்றால் ஆளைப் பிடித்துவிடுவார்கள். பதிவு செய்யக் கூடாது. சொன்னவரை வெளியில் பகிடி பண்ணிய ஒருவரை ஒரு தடவை நேரில் கூப்பிட்டுக் கதைக்க வேண்டி வந்தது, அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை.

பேச வருகிற கன்சல்டன்டிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? கோவிக்கமாட்டாரா?

நான் அனுப்புகிற செய்தியையே தருகிறேன், மாற்றிப் பாவியுங்கள்: "சேர், ஞாயிறு காலை 27 பேர் வருவார்கள். முதல் ஒரு மணித்தியாலம் அவர்கள் ஒரு நோயாளியைப் பற்றித் தங்களுக்குள் கதைப்பார்கள், நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்தால் போதும். அவர்கள் எங்கே பிழைவிடுகிறார்கள் என்று குறித்து வையுங்கள். அதற்குப் பிறகு இருபது நிமிடம் உங்களுடையது. தயவுசெய்து ஐந்து ஸ்லைட்டுக்கு மேல் வேண்டாம்."

போன மாதம் வந்தவர் பதில் எழுதினார்: "ஐந்தா? என் தலைப்புப் பக்கமே ஒன்று." ஏழோடு வந்தார். விட்டுவிட்டோம்.